கண்ணீருக்குக் காரணம் உண்டு
‘எரியும் பனிக்காடு’ நாவலும் ‘பரதேசி’ திரைப்படமும்

(சந்தாபுராவில் தமிழ் பேசும் தோழர்களுக்காக நடைபெற்ற வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

இக்கூட்டத்திற்கு வருமுன் ‘எரியும் பனிக்காடு’ நாவலைப் படித்து, ‘பரதேசி’ திரைப்படத்தையும் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். பொம்மசந்திராவிலும் ஜிகனியிலும் ஷிப்டு முடித்து வருகிறவர்களுக்கு இது எளிய வேலை அன்று. இரண்டையும் முடித்தவர்களும் ஒன்றை மட்டும் முடித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே முதலில் இரண்டையும் பற்றிய செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பிறகு என் கருத்துக்கு வருகிறேன்.

பி.எச். டேனியல் ஒரு மருத்துவர். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் 1940களில் பணிக்குச் சேர்ந்தவர். அங்கே முதிய தொழிலாளர்கள் தம் இளமைக் காலத்தைப் பற்றிச் சொன்னவற்றைக் கேட்டு, அவர்களுடைய வாழ்வை ஆங்கிலத்தில் ஒரு நாவலாக எழுதினார். ‘ரெட் டீ’ என்னும் பெயரில் அது 1969இல் வெளிவந்தது. எழுதியதோடு அவர் நிற்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களை அமைப்பாகத் திரட்டும் பணியிலும் பங்கு கொண்டார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். நாவலின் மையத்தில் இருப்பவர்கள் கருப்பன், வள்ளி என்னும் இணையர். திருநெல்வேலிச் சீமையின் வறண்ட சிற்றூர் ஒன்றிலிருந்து, மேஸ்திரியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் மலையேறுகிறார்கள். காலம் 1920கள்.

இந்நாவலைத் தழுவி இயக்குநர் பாலா எடுத்த ‘பரதேசி’ 2013 மார்ச் மாதத்தில் வெளியாயிற்று. ஒளிப்பதிவு செழியன், உரையாடல் நாஞ்சில் நாடன், இசை ஜி.வி. பிரகாஷ்குமார். ஆடை வடிவமைப்புக்காக பூர்ணிமா ராமசாமி தேசிய விருது பெற்றார். படத்தில் சாலூர் என்னும் கிராமம். ராசா என்னும் வெள்ளந்தியான இளைஞன். அவனுடைய காதலி அங்கம்மா. ஆண்டு 1939.

காட்சியின் வெற்றி

படத்தின் காட்சிச் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்த் திரையில் கிராமம் என்றால் பச்சை வயலும் திருவிழாவும் என்றிருந்த வழக்கத்திற்கு மாறாக, மண்ணின் நிறமே படத்தின் நிறமாக இருக்கிறது. குடிசைகளுக்கு இடையே கேமரா நெடுநேரம் நடந்து செல்லும் தொடக்கக் காட்சியில், அந்த ஊர் ஒரு செட் என்ற எண்ணமே எழுவதில்லை. ஆடைகள் உடுத்து உடுத்து நைந்தவை போலவே இருக்கின்றன. ஆளெடுப்பின்போது கங்காணி பேசும் இனிப்பான பேச்சும், அதை நம்பி ஊரே மூட்டை கட்டும் காட்சியும் உண்மையானவை. மலையை நோக்கிய நாற்பத்தெட்டு நாள் நடைப்பயணத்தில், பெருவெளியில் எறும்பு வரிசைபோல் மனிதர்கள் நகர்கிறார்கள். வழியில் விழுந்தவனை விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்துபோகிறது. அந்த இடத்தில் அரங்கமே மூச்சடங்கி உட்கார்ந்திருந்தது பலருக்கு நினைவிருக்கும். தேயிலைத் தோட்டத்தைக் காதல் பாட்டுக்கான பின்புலமாக மட்டுமே காட்டிவந்த சினிமாவில், அந்தப் பச்சைக்கு அடியில் எலும்பு கிடக்கிறது என்று காட்டியது சிறிய செயல் அன்று. படம் பார்த்துவிட்டு நாவலைத் தேடிப் படித்தவர்களும் உண்டு. இதற்கெல்லாம் படக்குழுவுக்கு நாம் நன்றி சொல்லலாம்.

ஆயினும், இரண்டு மணிநேரம் மனத்தைப் பிழிந்த படம் முடிந்ததும் நம் கையில் என்ன மிஞ்சுகிறது? “பாவம், எவ்வளவு கொடுமை!” என்னும் ஒரே உணர்வுதான். கொடுமை ஏன் நடந்தது, யாருக்கு அதனால் ஆதாயம், எப்படி அது நின்றது என்னும் கேள்விகளில் ஒன்றைக்கூடப் படம் எழுப்புவதில்லை. கதை சொல்வதில் அது தளர்ந்துபோனதன் காரணமும் இதுவே என்பதுதான் என் கருத்து.

கணக்கேட்டில் இருக்கும் கதை

கதை என்பது நிகழ்ச்சிகளின் அடுக்கு மட்டும் அன்று. ஒன்று நடந்ததால் அடுத்தது நடந்தது என்னும் பிணைப்பு அதற்கு வேண்டும். டேனியலின் நாவல் பெரிய கலை நுட்பம் கொண்டதென்று நான் சொல்லமாட்டேன். மருத்துவர் ஒருவர் நோயாளியின் வரலாற்றைக் குறிப்பெடுப்பது போன்ற நேரான எழுத்து அது. ஆனால் அந்தப் பிணைப்பு அதில் அறுவதே இல்லை. முன்பணம் கடனாகிறது. கடன் தீரும்வரை ஊர் திரும்ப முடியாது. கூலியில் அரிசிக்கும் கம்பளிக்கும் பிடித்தம் போக மிச்சம் இல்லை. மழையும் அட்டையும் மலேரியாவும் வேலை நாட்களைக் குறைக்கின்றன. நாள் குறைந்தால் கூலி குறைகிறது. கூலி குறைந்தால் கடன் வளர்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்தும் கணக்கு நேராவதில்லை. கருப்பனையும் வள்ளியையும் ஒருசேர மலைக்கு அனுப்பியதனால்தான் நாவலாசிரியரால் இதைக் காட்ட முடிந்தது. இரண்டு கூலி வந்தும் ஒரு குடும்பம் மீளவில்லை என்றால், குற்றம் உழைப்பவரின் சோம்பலில் இல்லை என்பது தானே விளங்கிவிடும்.

படம் இந்த இணையரைப் பிரித்துவிடுகிறது. ராசா மலைக்குப் போகிறான். அங்கம்மா ஊரில் தங்குகிறாள். இதனால் திரைக்கதைக்குக் கிடைப்பது முதல் பாதியில் நீண்டதொரு காதல் விளையாட்டும், இறுதியில் ஒரு பேரதிர்ச்சியும். இழப்பது, ஒரு தொழிலாளர் குடும்பத்தின் வரவு செலவை. கணக்குத் தீர்க்கும் காட்சி படத்திலும் உண்டு. ஆனால் கங்காணியின் கபடம் என்ற அளவில் அது கடந்துபோகிறது. தொழிலாளியின் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்கும் தோட்ட நிர்வாகம் கமிஷன் கொடுத்தது; தன் ஆட்கள் வேலைக்கு வராவிட்டால் அவனுக்கும் வரவு இல்லை; அந்தத் துரைக்கு மேலே லண்டனில் பங்குதாரர்கள் இருந்தார்கள் என்னும் சங்கிலி படத்தில் இல்லை. சங்கிலி இல்லாதபோது கொடுமைக்கு ஒரே விளக்கம்தான் மிஞ்சுகிறது: கங்காணி கெட்டவன், துரை காமுகன். நல்ல கங்காணியும் நல்ல துரையும் வந்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றல்லவா இதற்குப் பொருள்?

1939 என்னும் ஆண்டு

படம் தன் கதையை 1939இல் நிறுத்துகிறது. அந்த ஆண்டு ஏன்? காரணம் படத்திற்குள் எங்கும் இல்லை.

முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப்போனால் அதைக் குற்றமாக்கி, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தித் தண்டிக்க வழிசெய்த சட்டம் 1859இல் வந்தது. தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் என்பது அதன் பெயர். முதலாளி கூலி தராவிட்டால் அது சிவில் வழக்கு. தொழிலாளி ஓடிப்போனால் சிறை. தோட்ட முதலாளிகளுக்காகவே சென்னை மாகாணத்தில் 1903இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. டேனியலின் கருப்பனும் வள்ளியும் வாழ்ந்த காலம் இந்தச் சட்டங்களின் நிழல் விழுந்த காலம். நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 1859ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1925இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டே இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

அப்படியானால் 1939இல் ஒரு தொழிலாளி மலையை விட்டு இறங்க முடியாமல் இருந்தது எதனால்? சட்டம் போன பிறகும் கடன் இருந்தது, காவல் இருந்தது, ஊருக்குத் திரும்பினால் அங்கே நிலமும் இல்லை, சாதியின் கொடுமையோ மாறவும் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் திரைக்கதைக்கு வலுவான முதுகெலும்பு கிடைத்திருக்கும். சாலூர் மக்கள் எந்தச் சாதியினர், நிலம் யாருடையது, பஞ்சம் எப்படி வந்தது என்பவற்றைப் படம் தெளிவாகச் சொல்வதில்லை. ஆகவே அவர்கள் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கே போதிய காரணம் இல்லாமல் போகிறது. நாவலின் இணையர் தாழ்த்தப்பட்டவர்கள். மலைக்குப் போனால் கஞ்சியாவது கிடைக்கும் என்ற எண்ணத்தின் பின்னால் ஊர்ச் சேரியின் வரலாறு இருக்கிறது. படத்தில் ஆண்டும் உடையைப் போல ஓர் அலங்காரமாகிவிட்டது.

மருத்துவர் எங்கே போனார்?

நாவலின் பிற்பகுதியில் ஆபிரகாம் என்னும் இந்திய மருத்துவர் வருகிறார். தோட்டத்து மருத்துவமனையின் இழிநிலையைக் கண்டு கொதித்து, நிர்வாகத்தோடு மோதி, தொழிலாளர்களை மனிதர்களாக நடத்துகிறவர். நாவலாசிரியரின் சொந்த அனுபவம் அந்தப் பாத்திரத்தில் கலந்திருக்கிறது என்பதை எவரும் உணரலாம். படத்திலும் கொள்ளைநோய் பரவியபின் ஒரு மருத்துவர் வருகிறார். அவரோ மருத்துவத்தைக் காட்டிலும் மதப் பிரச்சாரத்தில் முனைப்பானவர். பாட்டும் கூத்துமாக ஒரு காட்சி விரிகிறது. மரணம் சூழ்ந்த இடத்தில் படத்தின் தொனியே அங்கு உடைந்துவிடுகிறது.

காலனி ஆட்சிக்கும் மிஷன்களுக்கும் இருந்த உறவை ஒரு கலைஞர் விமர்சிக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் விமர்சிக்க வேண்டுமானால் வரலாற்றோடு விமர்சிக்க வேண்டும். இங்கே நடந்திருப்பது வேறு. தொழிலாளர்கள் பக்கம் நின்ற ஒரே படித்த மனிதனைக் கேலிச்சித்திரமாக்கியதால், அந்த மலையில் உதவி என்பதே கிடையாது, எதிர்ப்பு என்பதே கிடையாது என்று ஆகிவிடுகிறது. நோய் பரவியதற்கு நிர்வாகத்தின் புறக்கணிப்பே காரணம் என்பதும் அந்தக் கூத்தில் மறைந்துபோகிறது. நாவலை எழுதிய மனிதர் இருந்த இடத்தையே படம் காலி செய்துவிட்டது.

அழுகையும் வெகுளியும்

தமிழ் படித்தவன் என்ற முறையில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். எண்வகை மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறது அந்நூல். அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்னைய நிலையிலிருந்து தாழ்தல், இன்மை. இந்த நான்கும் ‘பரதேசி’யில் குறைவில்லாமல் இருக்கின்றன. ஆகவே பார்ப்பவர் அழுகிறார்.

அதே இயல் வெகுளிக்கும் நான்கு களன்களைச் சொல்கிறது: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை அறுத்தல், மனைவி, சுற்றம் முதலியோருக்குக் கேடு சூழ்தல், கோல்கொண்டு அடித்து வருத்துதல், உயிரைப் பறித்தல். தோழர்களே, படத்தை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். தப்பியோட முயன்ற ராசாவின் குதிகால் நரம்பை அறுக்கிறார்கள்; உறுப்பறை. பெண்களைத் துரை சூறையாடுகிறான், குடிகோள். காவலர்களின் தடி எந்நேரமும் முதுகில் விழுகிறது, அலை. கொத்துக் கொத்தாக மக்கள் சாகிறார்கள், கொலைக்கும் குறைவில்லை. வெகுளியின் நான்கு காரணங்களும் திரையில் நிறைந்திருக்கின்றன. வெகுளிதான் இல்லை. பாத்திரங்களுக்கும் அது வருவதில்லை. அரங்கில் இருப்பவருக்கும் வருவதில்லை. எல்லாக் காரணங்களும் அழுகை என்னும் ஒரே வாய்க்காலில் திருப்பிவிடப்படுகின்றன. இறுதிக் காட்சியில் அங்கம்மாவும் குழந்தையும் அதே தோட்டத்திற்கு வந்து சேர்கிறார்கள். ராசா கதறுகிறான். வட்டம் மூடிக்கொள்கிறது, வெளியே போக வழி இல்லை.

“அன்றைக்கு நிலைமை அப்படித்தானே இருந்தது? சங்கமே இல்லாத காலத்தில் செங்கொடியை எப்படி நடுவது?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொடியை நடச் சொல்லி எவரும் கேட்கவில்லை. எதிர்ப்பு கொடியோடு மட்டும் வருவதும் இல்லை. ஓடிப்போவது எதிர்ப்பு; நோயாளிக்குக் கஞ்சி பகிர்வது எதிர்ப்பின் விதை; கணக்கைத் திருப்பிக் கேட்பதும் எதிர்ப்பே. டேனியல் எழுதியபோது, தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. குடியிருப்பு, குடிநீர், மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கிய 1951ஆம் ஆண்டுச் சட்டம் அது. அந்த இருட்டு ஒருநாள் விலகியது, அதை விலக்கியவர்கள் தொழிலாளர்களே என்ற அறிவோடு அவர் பின்னோக்கிப் பார்க்கிறார். அவருக்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு எடுக்கப்பட்ட படத்தில் அந்த அறிவு இல்லை.

காட்சி ஊடகத்தால் முடியாதா?

“சினிமா காட்சி ஊடகம், அதில் பொருளாதார வகுப்பு எடுக்க முடியாது” என்பது இன்னொரு வாதம். முடியும் என்பதற்குச் சான்று உண்டு. ஜான் ஸ்டைன்பெக்கின் ‘கோபத்தின் கனிகள்’ நாவல் 1939இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஜான் ஃபோர்டு அதைப் படமாக்கினார். கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவு இன்றும் பாடமாகப் பயிலப்படுகிறது. அதில் ஒரு காட்சி. நிலத்தைவிட்டு வெளியேறச் சொல்லி ஆள் வந்து நிற்கிறான். யாரைச் சுட்டால் இது நிற்கும் என்று விவசாயி கேட்கிறான். வந்தவனோ கம்பெனியைச் சொல்கிறான். கம்பெனிக்குப் பின்னால் வங்கி. வங்கிக்குப் பின்னால் இன்னும் எவரோ. சில நிமிடங்களில் முடியும் அந்தக் காட்சி ஒரு பொருளாதார அமைப்பையே கண்முன் நிறுத்துகிறது. அங்கே காட்சியழகும் குறையவில்லை. ஃபோர்டும் நாவலை மாற்றினார், முடிவையே மாற்றினார். அதை ஏற்காதவர்களும் உண்டு. ஆயினும் காரணச் சங்கிலியை அவர் அறுக்கவில்லை.

நம் மொழியிலேயே பார்ப்போம். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்த நாவல். வெற்றிமாறன் 2019இல் அதை ‘அசுரன்’ ஆக்கினார். நாவலில் இல்லாத முன்கதை படத்தில் சேர்ந்தது. பஞ்சமி நிலப் பிரச்சினை சேர்ந்தது. நாவலின் மௌனத்தை அது கெடுத்துவிட்டது என்று சொல்பவர்களின் கருத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் சேர்த்தவை கொலைக்கு ஒரு காரணத்தைத் தந்தன. அந்தக் காரணம் நிலம். ஆகவே நாவலை மாற்றிவிட்டார் என்பது பாலாவின் மீது நம் குற்றச்சாட்டு அன்று. எதை எடுத்தார், எதை விட்டார் என்பதே கேள்வி. துன்பம் முழுவதையும் எடுத்துக்கொண்டார். அதன் காரணத்தை விட்டுவிட்டார்.

மொழிபெயர்ப்பில் இருக்கிறவன் என்பதால் தலைப்புகளும் என் கவனத்தை ஈர்க்கின்றன. ‘ரெட் டீ’ என்னும் ஆங்கிலத் தலைப்பு சரக்கைச் சுட்டுகிறது; நாம் குடிக்கும் தேநீரில் யாருடைய குருதி என்று கேட்கிறது. ‘எரியும் பனிக்காடு’ அந்தச் சரக்கு விளையும் களத்தைச் சுட்டுகிறது; பனியும் நெருப்பும் ஒன்றாய் இருக்கும் முரணைச் சொல்கிறது. ‘பரதேசி’ என்பது ஆளைச் சுட்டுகிறது. வேற்று நாட்டான் என்பது அச்சொல்லின் பழம்பொருள்; இன்று அது நாதியற்றவனைக் குறிக்கும் வசைச்சொல். சரக்கிலிருந்து களத்திற்கும், களத்திலிருந்து தனிமனிதனின் கதியற்ற நிலைக்கும் தலைப்பு நகர்ந்த தடத்திலேயே கதையும் நகர்ந்துவிட்டது.

நமக்கு இதில் என்ன?

சந்தாபுராவில் உட்கார்ந்து ஆனைமலையைப் பற்றி ஏன் பேச வேண்டும்? இந்த மாநிலத்தின் குடகு, சிக்கமகளூர் காப்பித் தோட்டங்களிலும் தமிழ் பேசும் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைக்கிறார்கள். சுள்ளியா, புத்தூர் பகுதி ரப்பர் தோட்டங்களில், 1964ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்கீழ் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. நம் ஓசூர் சாலையின் இருபுறமும் பாருங்கள். ஒடிசா, பீகார், வடகர்நாடகம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று எங்கெங்கிருந்தோ ஆளெடுத்து வந்த ஒப்பந்தக்காரர்களின் கீழ் எத்தனை பேர் உழைக்கிறார்கள்! கட்டுமான வேலையில் அந்த ஆளுக்கு இன்றும் மேஸ்திரி என்றே பெயர். முன்பணமும் பிடித்தமும் சம்பளச் சீட்டில் வேறு பெயர்களில் வருகின்றன. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் இன்று தனிச் சட்டங்களாக இல்லை. 2020இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு அவற்றை விழுங்கிவிட்டது. எந்தப் பாதுகாப்பு மிஞ்சுகிறது, எது கரைகிறது என்பதைச் சம்பளச் சீட்டையும் சட்டத்தையும் அருகருகே வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அப்படிப் படிக்கும் பழக்கத்தை ஒரு நல்ல நாவலால் தர முடியும். நல்ல திரைப்படத்தாலும் முடியும். கண்ணீரை மட்டும் தரும் படம், நம் வாழ்க்கையை நமக்கே ஒரு விதியாகக் காட்டிவிட்டுப் போகிறது. விதி என்று நம்பியவன் சங்கத்திற்குச் சந்தா கட்டமாட்டான்.

‘பரதேசி’யைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தோடு பாருங்கள், அதன் ஒளியையும் நிறத்தையும் ரசியுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். பிறகு நாவலை எடுத்து, கூலியும் பிடித்தமும் வரும் பக்கங்களை உரக்கப் படியுங்கள். வீட்டில் பிள்ளைகள் கேட்கட்டும். அடுத்த கூட்டத்தில் டி. செல்வராஜின் ‘தேநீர்’ நாவலை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. தேயிலைத் தோட்டத்தைப் பற்றித் தமிழிலேயே எழுதப்பட்ட நாவல் அது. ‘ஊமை ஜனங்கள்’ என்று படமாகவும் வந்தது. இப்போது தோழர்கள் தங்கள் கருத்துகளைச் சொல்லலாம். படத்தை என்னைவிட உயர்வாக மதிப்பவர்கள் முதலில் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டு நிறைவு செய்கிறேன்.